நியூ ஆர்டர்: தாளத்தை மெஷினிடம் கொடுத்த கிதார் பேண்ட்

கிதார் வாசித்துக்கொண்டிருந்த ஒரு இண்டி ராக் பேண்ட் திடீரென்று சின்தசைசர், டிரம் மெஷின் பக்கம் போனால் அது கிளப்பில் ஓடுவதற்காகவும் காசுக்காகவும்தானே, மனதார மாறி நன்றாகவும் செய்த பேண்ட் ஒன்றாவது உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. மான்செஸ்டரிலிருந்து வந்த நியூ ஆர்டர். அவர்கள் மாறியது 1980-க்கும் 1983-க்கும் இடையில். அந்த மூன்று வருடக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், உங்கள் கேள்விக்கான பதில் அதிலேயே இருக்கிறது.

ஒரு பேண்ட் இப்படி மாறும்போது ரசிகர்கள் முதலில் கவனிப்பது ஒலியை. கிதார் குறைந்துவிட்டது, கீபோர்டு கூடிவிட்டது என்பார்கள். என்னைக் கேட்டால் காலப்பிரமாணம் யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ராக் பேண்டில் அது டிரம்மரிடம் இருக்கும். கோரஸ், அதாவது பல்லவி போலத் திரும்பத் திரும்ப வரும் பகுதி, வரும்போது எல்லோரும் சேர்ந்து லேசாக வேகம் பிடிப்பார்கள், அது முடிந்ததும் லேசாகத் தளர்வார்கள், கேட்பவருக்குத் தெரியாமலே பாட்டு மூச்சுவிடும். சீக்வென்சர், அதாவது ஏற்றி வைத்த ஸ்வர வரிசையைத் தானே வாசிக்கும் மெஷின், உள்ளே வந்துவிட்டால் இந்த இளக்கம் போய்விடும். மெஷின் யாருக்காகவும் காத்திருக்காது. அதோடு சேர்ந்து வாசிக்க வேண்டும் என்றால் டிரம்மர், பாஸ் வாசிப்பவர், பாடுகிறவர் என்று ஒவ்வொருவரும் தன் வேலையையே மாற்றிக்கொள்ள வேண்டும். நியூ ஆர்டர் அதைச் செய்தார்கள். பழைய மாதிரியே பாட்டு எழுதி அதன்மேல் சின்தசைசர் ஒலியைப் பூசிய பேண்டுகளிடம் உங்களுக்கு வருகிற ஏமாற்றம் நியாயமானது, அங்கே யாருடைய வேலையும் மாறவில்லை.

நியூ ஆர்டருக்கு முன்னால் அவர்கள் ஜாய் டிவிஷன். இயன் கர்டிஸ் பாடினார், பெர்னார்ட் சம்னர் கிதார், பீட்டர் ஹுக் பாஸ், ஸ்டீபன் மோரிஸ் டிரம்ஸ். டோனி வில்சன் நடத்திய ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன நிறுவனம் அவர்கள் இசையை வெளியிட்டது. 1980 மே 18 அன்று, அமெரிக்கப் பயணம் கிளம்ப வேண்டியதற்கு முந்தைய நாள், கர்டிஸ் இறந்துபோனார். வயது 23. பாடகர் இறந்தார், அந்தத் துக்கத்திலிருந்து தப்பிக்க மற்றவர்கள் டான்ஸ் இசைக்குப் போனார்கள் என்றுதான் பல இடங்களில் இந்தக் கதையைச் சுருக்குகிறார்கள். எனக்கு அந்தச் சுருக்கத்தில் உடன்பாடில்லை. விதை அதற்கு முன்பே விழுந்துவிட்டது.

ஜாய் டிவிஷன் மேடைக்கு வருவதற்கு முன்னால் அரங்கில் ஒலிக்கவிட்டது ஜெர்மன் எலக்ட்ரானிக் பேண்ட் கிராஃப்ட்வெர்க்கின் டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ். சம்னர் அப்போதே பவர்ட்ரான் என்ற நிறுவனத்தின் பாகங்களை வாங்கி, வீட்டில் தானே சால்டரிங் செய்து ஒரு சின்தசைசரை உருவாக்கியிருந்தார். கடையில் வாங்கக் காசு இல்லாத காலம் அது. 1980-இல் வந்த க்ளோசர் ஆல்பத்தின் ஐசொலேஷன் பாட்டைக் கேட்டால் கிதார் இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும், பாட்டை இழுத்துப் போவது சின்த்தான் (சின்தசைசரின் சுருக்கம்). அப்புறம் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட். 1979-இல் ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தபோது, ஒவ்வொரு டிரம்மின் ஒலியும் மற்றதில் கலக்கக் கூடாது என்பதற்காக மோரிஸை அவற்றைத் தனித்தனியாக வாசிக்க வைத்தார். குச்சியால் அடிக்கும் ஸ்னேர் தனி, காலால் அடிக்கும் கிக் தனி. எந்த டிரம்மருக்கும் இது கொடுமை. ஆனால் பாருங்கள், தாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியாக யோசிப்பதுதானே டிரம் மெஷினில் புரோகிராம் செய்வது? அந்த மெஷின் கைக்கு வருவதற்குள் மோரிஸின் மூளை அதற்குத் தயாராகியிருந்தது என்றே நினைக்கிறேன். பின்னாளில் பேண்டில் மெஷின்களை ஆசையோடு கட்டிக்கொண்டவர்களில் முதல் ஆள் டிரம்மர்தான். வழக்கமாக டிரம்மர்கள்தான் முதலில் எதிர்ப்பார்கள்.

கர்டிஸ் போனபின் மூன்று பேரும் மாறி மாறிப் பாடிப் பார்த்தார்கள், கடைசியில் அந்தப் பொறுப்பு சம்னரிடம் வந்து நின்றது. அவருக்கு ஒரே நேரத்தில் பாடவும் கிதார் வாசிக்கவும் சிரமம். அதனால் அவர் பாடும்போது கிதார் நின்றுவிடும், பாடி முடித்ததும் கிதார் வரும். இது நியூ ஆர்டர் பாட்டுகளின் அமைப்பையே தீர்மானித்தது. குரலுக்கு அடியில் ஒரு காலி இடம் உண்டானது, அதை நிரப்ப வேறு ஏதாவது தேவைப்பட்டது. 1980 அக்டோபரில் கில்லியன் கில்பர்ட் கீபோர்டும் கிதாரும் வாசிக்கச் சேர்ந்தார். 1981-இல் வந்த மூவ்மெண்ட்தான் நியூ ஆர்டர் என்ற பெயரில் முதல் ஆல்பம். ஹானெட்டோடு செய்த கடைசி ஆல்பமும் அதுதான். நல்ல பாட்டுகள் இருக்கின்றன, ஆனால் அதில் எல்லோரும், இப்போது உயிரோடு இல்லாத கர்டிஸின் குரலில் பேசப் பார்க்கிறார்கள். கேட்கவே கஷ்டமாக இருக்கும்.

திருப்பம் ஆல்பத்தில் நடக்கவில்லை, தனியாக வந்த சிங்கிள்களில் நடந்தது. இடையே நியூயார்க் போய்வந்தார்கள். முதல் பயணத்தில் அவர்களுடைய கருவிகள் மொத்தமும் திருடு போயின. ஆனால் அந்த ஊரின் கிளப்புகளில் டிஸ்கோவும் எலக்ட்ரோவும் பெரிய ஸ்பீக்கர்களில் எப்படி ஒலிக்கின்றன என்பதை உடம்பால் கேட்டார்கள். 1981 கடைசியில் வந்த எவ்ரிதிங்ஸ் கான் கிரீன் பாட்டில் டிரம் மெஷின் அனுப்பும் மின்துடிப்பைக் கொண்டே சின்தசைசரைத் துடிக்க வைத்தார்கள். மேலே பழைய கிதார், கீழே இடைவிடாமல் ஓடுகிற மெஷின் துடிப்பு. அடுத்து 1982-இல் டெம்ப்டேஷன், தயாரிப்பாளர் இல்லாமல் அவர்களே செய்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், மெஷினுக்குப் பயந்துகொண்டிருந்தவர்கள் அதோடு சிரிக்கத் தொடங்கிய இடம் காதில் விழும்.

சரி, ப்ளூ மண்டேவுக்கு வருவோம். 1983 மார்ச்சில் வந்தது. ஏழரை நிமிடம், 12 அங்குல இசைத்தட்டு. பதிவு நடந்தது லண்டன் இஸ்லிங்டனில் பிங்க் ஃப்ளாய்ட் உருவாக்கிய பிரிட்டானியா ரோ ஸ்டூடியோவில். டிரம்முக்கு ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் மெஷின், சின்த் பாஸுக்கு மூக் சோர்ஸ், கூட்டுக்குரல்களுக்கு ஈமு எமுலேட்டர் சாம்பிளர் (ஒலித்துண்டைப் பதிந்து கீபோர்டில் வாசிக்கும் கருவி). அந்தக் கூட்டுக்குரல் கிராஃப்ட்வெர்க்கின் யுரேனியம் பாட்டிலிருந்து எடுத்தது. சீக்வென்சர் மட்டும் கடைச் சரக்கு இல்லை. இதுவும் சம்னர் பவர்ட்ரான் பாகங்களிலிருந்து தானே கட்டியது.

இன்று லேப்டாப்பில் இசை செய்கிறவர்களுக்கு இதில் இருந்த கஷ்டம் புரிவது கொஞ்சம் சிரமம். கருவிகளை ஒன்றோடொன்று பேச வைக்கும் மிடி முறை சந்தைக்கு வந்ததே 1983-இல்தான். இவர்கள் ப்ளூ மண்டேயை உருவாக்கியபோது ஒரு கம்பெனியின் டிரம் மெஷினும் வீட்டில் கட்டிய சீக்வென்சரும் ஒரே காலத்தில் ஓட வேண்டும் என்றால் இடையில் தனியாக ஒரு சர்க்யூட் செய்து வைத்தாக வேண்டும். ஸ்வரங்களைக் கீபோர்டில் வாசித்துப் பதிய முடியாது, ஒவ்வொரு படியாக எண்களாக உள்ளே ஏற்ற வேண்டும். கில்பர்ட் மொத்தப் பாட்டின் வரிசையையும் தாள்களில் எழுதி, தாள்களை ஒட்டி ஒட்டி ஸ்டூடியோ நீளத்துக்கு விரித்து வைத்திருந்தார். ஏற்றும்போது ஒரு ஸ்வரம் விட்டுப்போனது. அதனால் அந்தச் சின்த் மெலடி தாளத்தோடு சரியாக உட்காராமல் கொஞ்சம் நகர்ந்து ஓடுகிறது. அப்படியே விட்டுவிட்டார்கள். நல்லவேளை. அந்தப் பாட்டுக்கு இருக்கிற விசித்திரமான தவிப்பில் பாதி அந்த நகர்விலிருந்துதான் வருகிறது. ஒருமுறை மோரிஸின் கால் பட்டு ஒயர் பிடுங்கிக்கொண்டு, அருமையாக அமைந்திருந்த டிரம் புரோகிராம் முழுவதும் அழிந்தது, நாம் கேட்பது அதற்கப்புறம் மறுபடி செய்தது என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

தொடக்கத்தில் வரும் அந்தக் கிக் டிரம்மை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சாதாரண அடிகள், பிறகு திடீரென்று மிகச் சிறிய இடைவெளிகளில் படபடவென்று ஒரு ஓட்டம். மனிதக் கால் ஏழரை நிமிடம் அதை ஒரே அளவில் அடிக்க முடியாது. மெஷினால்தான் முடியும் என்பதைப் பாட்டின் முதல் நொடியிலேயே பெருமையாக வைக்கிறார்கள். பிற பேண்டுகள் சில அந்த நாட்களில் டிரம் மெஷினை டிரம்மருக்கு மலிவான மாற்றாகப் பயன்படுத்தின, முடிந்தவரை மனிதன் வாசிப்பது போலக் காட்டப் பார்த்தன. இவர்கள் எதிர்த்திசையில் போனார்கள்.

இப்போது பீட்டர் ஹுக். இந்த மாற்றத்தின் மையம் என்று நான் நினைப்பது இவர் வாசிப்பைத்தான். பாஸ் கிதாரின் வேலை அடியில் நின்று தாங்குவது. ஜாய் டிவிஷன் நாட்களில் சம்னரின் ஆம்ப்ளிஃபயர் அவ்வளவு சத்தம், தன் பாஸ் தனக்கே கேட்க வேண்டும் என்பதற்காக ஹுக் மேல் ஸ்தாயியில் வாசிக்கத் தொடங்கினார். வேறு வழியில்லாமல் வந்த பழக்கம். ஆனால் சின்த் பாஸ் வந்து அடித்தளத்தை எடுத்துக்கொண்டபோது மற்ற பேண்டுகளின் பாஸ் வாசிப்பவருக்கு வேலை போயிருக்கும், இவருக்குப் போகவில்லை. மேலே போய் மெலடி வாசித்தார். ப்ளூ மண்டேயில் அவர் வாசிப்பது ஆறு தந்தி பாஸ். அடியில் மூக் எண்ணிக்கை தவறாமல் ஓட, மேலே அவருடைய தந்திகள் கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் முந்தி, மனிதக் கையோடு நடமாடுகின்றன. சம்னர் பெரிய பாடகர் இல்லை, குரல் மெல்லியது, உணர்ச்சியை அடக்கிய குரல். அந்தப் பாட்டில் உண்மையில் பாடுவது பாஸ்தான். எந்த நியூ ஆர்டர் பாட்டை எடுத்தாலும் முதல் சில நொடிகளில் அடையாளம் தெரிவதற்குக் காரணம் சின்த் இல்லை, சின்த் அப்போது எல்லோரிடமும் இருந்தது.

மேடையில் நிலைமை வேறு. அன்றைய மெஷின்கள் சூடானால் தகராறு செய்யும், மின்சாரம் ஏறி இறங்கினால் தாளம் மாறும். பிபிசியின் டாப் ஆஃப் த பாப்ஸ் நிகழ்ச்சியில் பெரும்பாலானவர்கள் பதிவு செய்த பாட்டுக்கு வாயசைத்துவிட்டுப் போவார்கள். இவர்கள் ப்ளூ மண்டேயை நேரடியாகவே வாசிப்போம் என்று பிடிவாதம் பிடித்தார்கள். ஒலி மெலிந்து, தட்டுத்தடுமாறித்தான் வந்தது. ஆனாலும் அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். மெஷினை வைத்துக்கொண்டு நேரலையில் தவறு செய்யத் துணிகிறவர்கள் அதை ஒரு இசைக்கருவியாகத்தான் பார்க்கிறார்கள்.

காசு பற்றிக் கேட்டீர்கள். பிரிட்டனில் இதுவரை மிக அதிகமாக விற்ற 12 அங்குல சிங்கிள் ப்ளூ மண்டே. ஆனால் பீட்டர் சாவில் வடிவமைத்த உறை ஃப்ளாப்பி டிஸ்க் மாதிரி, நடுவில் துளைகள் வெட்டி, பேண்டின் பெயரை எழுத்தில் போடாமல் ஓரத்தில் நிறக் குறியீடாக வைத்து அச்சிட்டது. அந்த வேலைப்பாட்டின் செலவு அதிகமாகி, முதல் பதிப்புகள் விற்க விற்க நஷ்டம்தான் வந்தது என்பது பேண்டும் நிறுவனமும் பல தடவை சொன்ன கதை, எவ்வளவு நஷ்டம் என்பதில் மட்டும் ஆளுக்கு ஒரு கணக்கு. சம்பாதித்ததில் பெரும்பங்கு ஹாசியெண்டாவுக்குப் போனது. ஃபேக்டரியும் பேண்டும் சேர்ந்து மான்செஸ்டரில் 1982 மே மாதம் திறந்த கிளப் அது. பல வருடம் பணத்தை விழுங்கிக்கொண்டே இருந்தது, 1997-இல் மூடப்பட்டது. ஃபேக்டரி அதற்கு முன்பே 1992-இல் திவாலானது. ஆக, காசுக்காக மாறினார்கள் என்று இவர்களைச் சொல்லவே முடியாது. அந்தக் கிளப் இல்லையென்றால் 80-களின் கடைசியில் ஹவுஸ் என்ற டான்ஸ் இசை வடக்கு இங்கிலாந்தில் வேர் விட்டிருக்கும் விதமே வேறாக இருந்திருக்கும்.

கிதாரை இவர்கள் ஒருபோதும் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1983 மே மாதம் வந்த பவர், கரப்ஷன் அண்ட் லைஸ் ஆல்பத்தின் முதல் பாட்டு ஏஜ் ஆஃப் கன்சென்ட் பெரும்பாலும் கிதாராலும் பாஸாலும் டிரம்ஸாலும் ஓடுவது, அதே ஆல்பத்தில் யுவர் சைலண்ட் ஃபேஸ் அமைதியான சீக்வென்சர் பாட்டு. இரண்டும் ஒரே பேண்ட் என்று சந்தேகமே வராது. 1985-இன் லோ-லைஃப் இந்தக் கலவையின் உச்சம் என்பது என் கருத்து. அடுத்த வருடம் வந்த பிரதர்ஹுட்டில் ஒரு பக்கம் ராக், மறுபக்கம் எலக்ட்ரானிக் என்று பிரித்து வைத்தார்கள். அதனாலேயே அந்த ஆல்பம் கொஞ்சம் இறங்கிவிட்டது, இரண்டும் உரசும் இடத்தில்தான் இவர்களிடம் தீப்பொறி வரும். 1988 கோடையில் அடுத்த ஆல்பத்தைப் பதிவு செய்ய ஸ்பெயினின் இபிசா தீவுக்குப் போனார்கள், அங்கே கிளப்புகளில் நேரம் போனதுதான் மிச்சம், மீதி வேலையை பாத் நகருக்கு அருகில் உள்ள ரியல் வேர்ல்ட் ஸ்டூடியோவில் முடித்தார்கள். 1989 ஜனவரியில் டெக்னிக் என்று வெளிவந்தது, பிரிட்டனில் முதலிடம். அதில் ஃபைன் டைம் ஆசிட் ஹவுஸ் என்ற ஹவுஸ் வகைப் பாட்டு, பக்கத்திலேயே ஆல் த வே சுத்தமான கிதார் பாட்டு.

இன்னொரு உதாரணமும் உங்களுக்கு உடனே நினைவுக்கு வரும், ரேடியோஹெட். 2000 அக்டோபரில் அந்த பிரிட்டிஷ் பேண்ட் வெளியிட்ட ஆல்பம் கிட் ஏ. அங்கே சூழ்நிலை வேறு. அவர்கள் ஏற்கனவே உலகப் புகழ் பெற்ற, மூன்று கிதார்கள் ஒலிக்கும் பேண்ட், பாடகர் தாம் யார்க்குக்குத் தன் குரலும் கிதாரும் சலித்துப்போயிருந்தன. சிங்கிள் எதுவும் விடாமலே ஆல்பம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் போனது. இடியோடெக் பாட்டின் அடியில் ஓடும் அந்த நான்கு கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) பால் லான்ஸ்கி 1973-இல் கம்ப்யூட்டரில் உருவாக்கிய ஒரு இசையிலிருந்து எடுத்தவை. ஆனால் பதிவின்போது கிதாரிஸ்ட் எட் ஓ'பிரையன் எழுதிய குறிப்புகளைப் படித்தால் நான் மேலே சொன்ன அதே சிக்கல் இருக்கும்: கிதார் தேவைப்படாத பாட்டில் கிதாரிஸ்ட் என்ன செய்வது? அந்தக் கேள்வியைப் பேண்டுக்குள்ளேயே எழுப்பி, ஒவ்வொருவருக்கும் புதிய வேலை தேடியதால்தான் கிட் ஏ நின்றது. இதற்கு ஒரு விலையும் உண்டு. எல்லோருக்கும் புதிய வேலை பிடித்துவிடும் என்று சொல்ல முடியாது. நியூ ஆர்டரில் ஹுக்குக்கு ராக் பக்கம் மேல்தான் மனம், சம்னருக்கு மெஷின் பக்கம். அந்த இழுபறி நல்ல நாட்களில் பாட்டாக வந்தது, பிற்காலத்தில் பிளவுக்கும் ஒரு காரணமானது. 2007-இல் ஹுக் விலகினார். 2015-இல் அவர் இல்லாமல் வந்த மியூசிக் கம்ப்ளீட் நன்றாகச் செய்த ஆல்பம்தான், ஆனால் மேல் ஸ்தாயியில் அந்தப் பாஸ் வரும் என்று காது எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும்.

நீங்கள் ஏமாந்துபோன பேண்ட் எது என்று சொல்லவில்லை. எதுவாக இருந்தாலும் அதன் புதிய ஆல்பத்தை இயர்போனில் ஒரு தடவை கேட்டு, மெஷின் எந்த வேலையை எடுத்துக்கொண்டது, அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர் இப்போது என்ன செய்கிறார் என்று மட்டும் பாருங்கள். டிரம்மர் சும்மா உட்கார்ந்திருக்கிறாரா, பாஸ் சின்த்துக்கு அடியிலேயே மறைந்து கிடக்கிறதா, பாடகர் பழைய மாதிரியே எல்லா இடத்தையும் நிரப்பிக்கொண்டிருக்கிறாரா என்பதிலேயே பெரும்பாலும் விஷயம் தெரிந்துவிடும். முதல் எலக்ட்ரானிக் ஆல்பத்திலேயே தீர்ப்பு எழுதிவிடவும் வேண்டாம், நியூ ஆர்டருக்கே மூவ்மெண்டிலிருந்து ப்ளூ மண்டேவுக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

கேட்க ஒரு வரிசை வேண்டுமென்றால் இப்படிப் போங்கள்: ஐசொலேஷன், எவ்ரிதிங்ஸ் கான் கிரீன், டெம்ப்டேஷன், ப்ளூ மண்டே, யுவர் சைலண்ட் ஃபேஸ். கடைசியாக த பர்ஃபெக்ட் கிஸ், அதன் வீடியோவோடு. ஜொனாதன் டெம்மி இயக்கியது. ஒத்திகை அறையில் நான்கு பேரும் அந்தப் பாட்டை நேரடியாக வாசிப்பதைத் தவிர அதில் வேறு எதுவும் கிடையாது. யார் எப்போது மெஷினைத் தொடுகிறார்கள், எப்போது கை எடுக்கிறார்கள், ஹுக் பாஸை விட்டு எலக்ட்ரானிக் டிரம் பக்கம் எப்போது போகிறார், கில்பர்ட் எவ்வளவு கவனமாக அடுத்த இடத்துக்காகக் காத்திருக்கிறார் என்பதெல்லாம் நெருக்கத்தில் தெரியும். ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும், வெட்டாத முழு வடிவத்தையே பாருங்கள்.